மூணு ஸ்ட்ரைக், நாலு பால்

வெள்ளிக்கிழமை காலையில் வசந்தாமணியின் வீட்டு வாசல் தொழில்முறை பேஸ்பால் எல்லைக்குள் சேர்ந்துவிட்டது.

மாநகராட்சி எல்லையை நீட்டும்போது பக்கத்து ஊர்களெல்லாம் உள்ளே வந்து விழும் அல்லவா, அது மாதிரிதான். முந்தின நாள் படுக்கப் போகும்போது அது சாதாரண வாசல். காலையில் வாளியும் கோலமாவுமாக வந்து பார்த்தால், கோலம் போடும் இடத்தில் ஐந்து மூலை உள்ள ஒரு வெள்ளைப் பலகை பதித்திருந்தது. காலால் நெம்பிப் பார்த்தாள். அசையவில்லை. சரி போகட்டும் என்று அதன் மேலேயே தண்ணீர் தெளித்துப் புள்ளி வைக்க ஆரம்பித்தாள். ஐந்து மூலைக்குள் அடங்குகிற கோலம் அவளுக்குத் தெரியாது. அது ஒன்றுதான் உறுத்தலாக இருந்தது.

கோலம் முடிவதற்குள் அம்பயர் வந்துவிட்டார். பெயர் அர்த்தநாரி. முகத்தில் ஜன்னல் கம்பி கட்டியிருந்தார். வயிற்றில் ஒரு மெத்தை. மீட்டர் பார்க்க வந்த ஆளாக்கும் என்று வசந்தாமணி ஒதுங்கி வழிவிட்டாள்.

"ஊட்ல யாருங்க இருக்கறது?" என்றார் அம்பயர்.

"நானும் எங்க ஊட்டுக்காரரும். என்னுங்க விஷயம்?"

"இனிமே இது ஹோமுங்க."

"இது எங்க ஊடுங்க."

"அதேதானுங்க. இங்கிலீஸ்ல."

பேச்சுச் சத்தம் கேட்டு நாச்சிமுத்து வெளியே வந்தார். வசந்தாமணியின் கணவர். கோயம்புத்தூரில் ஒரு நூல் மில்லில் ரிங் பிரேம் மெஷின் ஓட்டி ஓய்வு பெற்றவர். மில்லில் இருந்த காலமெல்லாம் சங்கத்து ஆள். தோளில் துண்டு இல்லாமல் அவர் யாரிடமும் பேசமாட்டார். இப்போதும் துண்டு இருந்தது.

"தொழில்முறைங்கறீங்களே, தொழில்னா சங்கம் இருக்குதுங்களா?" என்று கேட்டார்.

"சிரிச்சுட்டே ஆடுனா வெளையாட்டு. சிரிக்காம ஆடுனா தொழில்முறை. அவ்வளவுதானுங்க வித்தியாசம்."

நாச்சிமுத்து யோசித்துப் பார்த்தார். மில்லிலும் அப்படித்தான் இருந்தது.

"கிரிக்கெட்டு மாதிரி ஒண்ணுங்களா இது?"

"அந்தப் பேச்சை எடுக்காதீங்க. அவுங்க எங்க பங்காளிங்க. பேச்சுவார்த்தை கெடையாது." அம்பயர் கம்பிக்குள்ளேயே தொண்டையைச் செருமிக்கொண்டார். "அப்பறம், உங்களுக்கு எத்தனை ஸ்ட்ரைக்குங்க?"

இந்த இடத்தில்தான் காரியம் கெட்டது. அமெரிக்காக்காரன் இருக்கிறானே, பந்தை மட்டையால் அடிக்காமல் கோட்டை விட்டால் அதற்கு ஸ்ட்ரைக் என்று பேர் வைத்திருக்கிறான். அடித்தால் ஸ்ட்ரைக் என்றாலாவது ஒரு நியாயம் இருக்கும். அடிக்காததற்கு அந்தப் பேரை வைத்த புண்ணியவான் யாரோ, நன்றாக இருக்கட்டும். கோயம்புத்தூரில் ஸ்ட்ரைக் என்றால் ஒரே அர்த்தம்தான். மெஷினை நிறுத்திவிட்டு மில் கேட்டுக்கு வெளியே வெயிலில் உட்கார்ந்து கோஷம் போடுவது.

நாச்சிமுத்துவின் முகம் மலர்ந்தது. இந்தக் கேள்வியை யாராவது கேட்கமாட்டார்களா என்று அவர் பல வருஷமாகக் காத்துக் கிடந்தார். துண்டை உதறி மறுபடி தோளில் போட்டார்.

"மூணுங்க," என்றார்.

"மூணும் உங்களுதுதானுங்களா?"

"முழுசா. ஒண்ணுலகூடப் பாதியில எந்திரிச்சு வந்ததில்லீங்க."

"மூணு ஸ்ட்ரைக்," என்றார் அம்பயர். கட்டைவிரலைத் தோளுக்கு மேலே காட்டினார். "அவுட்."

அவ்வளவுதான். நாச்சிமுத்து வெளியே இருந்தார். அவர் நகரவில்லை. வாசல்தான் அவரை விட்டுவிட்டுக் கொஞ்சம் உள்ளே போயிருந்தது. அவர் படியில் காலை வைக்கப் பார்த்தார். படி பின்னால் போயிற்று. இன்னொரு எட்டு வைத்தார். வீடே ஒரு நகர்வு நகர்ந்து உட்கார்ந்தது, பஸ்ஸில் பக்கத்து ஆளுக்கு இடம் விடுகிற மாதிரி. ஓடிப் பார்த்தார். வாசலுக்கும் அவருக்கும் நடுவே ஒரு நீளமான நடை உருவாகி, அதன் கோடியில் வசந்தாமணி கோலமாவுக் கிண்ணத்தோடு சின்னதாகத் தெரிந்தாள். மூச்சு வாங்க அவர் கேட்டுப் பக்கம் திரும்பி வந்துவிட்டார்.

"என்னுங்க இது அநியாயம்?" என்றாள் வசந்தாமணி.

"அவுட்டுன்னா வெளியதானுங்க," என்றார் அம்பயர். அவருக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை.

உள்ளே வர என்ன வழி என்று அவள் கேட்டாள். அம்பயர் பொறுமையாகவே சொன்னார். அந்த வகையில் நல்ல மனுஷன். ஹோமிலிருந்து ஒருவர் கிளம்ப வேண்டும். தெருவில் மூன்று பேஸ் இருக்கிறது. மூன்றையும் தொட்டுவிட்டு மறுபடி ஹோமுக்கு வர வேண்டும். நடுவில் எதிர் அணி பந்தோடு வந்து தொட்டுவிடக் கூடாது. வந்து சேர்ந்தால் ஒரு ரன். ஒரு ரன் கிடைத்தால் அவுட்டானவர் உள்ளே வரலாம்.

"கெளம்புன எடத்துக்கே திரும்பி வரோணும்னா எதுக்குங்க கெளம்பறது?"

"அதுதானுங்க ஆட்டமே."

"வர முடியலைன்னா?"

"வெளக்கு வெக்கற நேரத்துக்குள்ள ரன் வரலைன்னா, அவரை அவுட்ஃபீல்டுக்கு மாத்திருவாங்க."

"அது எங்கீங்க இருக்குது?"

"பல்லடம் தாண்டிப் போகோணும். புல்லு மட்டுந்தான் இருக்கும். நின்னுட்டே இருக்கோணும்."

"அங்க போனவங்க திரும்பி வந்திருக்காங்களா?"

அம்பயர் கொஞ்சம் யோசித்தார். "பந்து வந்திருக்குதுங்க."

வசந்தாமணிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அதைப் பார்த்து அம்பயருக்கே மனம் இளகியது. கேட்டுப் பக்கம் போய், நாச்சிமுத்துவின் காதோரம் குனிந்து, இன்னொரு வழியும் இருக்கிறது என்றார். மூன்றில் ஒரு ஸ்ட்ரைக் தன்னுடையது இல்லை என்று சொல்லிவிட்டால் போதும். ரெண்டு ஸ்ட்ரைக்குக்கு அவுட் கிடையாது. இப்பவே உள்ளே போய் டிபன் சாப்பிடலாம்.

"எந்த ஸ்ட்ரைக்கை விடறதுங்க?" என்றார் நாச்சிமுத்து.

"உங்க இஷ்டம். கடைசிய விட்டுருங்களேன்."

"அது மட்டும் ஆகாதுங்க."

அந்த மூன்றாவது ஸ்ட்ரைக் என்னவென்று சொல்லிவிடுகிறேன். நூல் சுற்றும் ரீலிங் பகுதியில் வேலை செய்த பெண்கள் கைக்குழந்தைகளைத் தூங்க வைக்க இடமில்லாமல் நூல் மூட்டைகளுக்கு நடுவே படுக்க வைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு தொட்டில் ரூம் கேட்டார்கள். மில்காரர்கள் முடியாது என்றார்கள். ரிங் பிரேம் ஆண்களுக்கும் தொட்டிலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இருந்தாலும் அவர்களும் எழுந்து கேட்டுக்கு வெளியே போய் உட்கார்ந்தார்கள். அதில் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போன ஒரு ஆள் இருந்தார். ரீலிங்கில் அப்போது புதிதாகச் சேர்ந்திருந்த வசந்தாமணி அவரைத்தான் பிறகு கல்யாணம் செய்துகொண்டாள்.

இதெல்லாம் அவளுக்கும் நினைவில்லாமல் இல்லை. அந்த நிமிஷம் கோபமும் வந்தது, பெருமையும் வந்தது. கோபத்தை மட்டும் வெளியே விட்டாள்.

"ரெண்டுன்னு சொன்னா என்னங்க? என்ன கொறைஞ்சு போயிரும்?"

"தொட்டில் ரூமு கொறைஞ்சு போயிரும், அம்மிணி."

இந்த மனுஷனைக் கட்டிக்கொண்டு மாரடிக்கிறேனே என்று முணுமுணுத்தபடி அவள் இட்லிப் பானையைப் பார்க்க உள்ளே போனாள்.

இட்லி வெந்து முடிவதற்கும் விருந்தாளி அணி வந்து இறங்குவதற்கும் சரியாக இருந்தது. இந்த ஆட்டத்தில் ஒரு அணி வீட்டு அணி, இன்னொன்று விருந்தாளி அணி. ஒன்பது பேர். பொள்ளாச்சியிலிருந்து வேனில் வந்தார்கள். எல்லோரும் ஒரே மாதிரி கோடு போட்ட உடுப்பு, ஒரே மாதிரி தொப்பி. இடது கையில் ஆளுக்கொரு தோல் கையுறை. ஒவ்வொன்றும் ஒரு வடைச்சட்டி அளவு.

அவர்களுக்கு வாசல் நகரவில்லை. நேராக உள்ளே வந்து ஹாலில் உட்கார்ந்தார்கள்.

"எங்களுக்கு ஒண்ணும் வேண்டாங்க. இப்பத்தான் சாப்பிட்டுட்டு வந்தோம்," என்றார் கேப்டன். திருமூர்த்தி என்று பெயர். சொல்லிக்கொண்டே கையுறையை நீட்டினார். மற்ற எட்டுப் பேரும் நீட்டினார்கள்.

வீட்டுக்கு வந்தவர்களைக் கவனிக்காமல் விட முடியுமா, நீங்களே சொல்லுங்கள். வசந்தாமணி இட்லி வைத்தாள். முறுக்கு டப்பாவைத் திறந்தாள். கையுறைக்குள் போன முறுக்கு எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. டப்பா காலியானதும், "நாங்க முறுக்கே சாப்பிடறதில்லீங்க," என்றார் திருமூர்த்தி, விரல்களை நக்கியபடி. அவர் உட்கார்ந்திருந்தது நாச்சிமுத்துவின் ஈஸி சேரில்.

"அது என்ற சேருங்க," என்று கேட்டுப் பக்கமிருந்து நாச்சிமுத்துவின் குரல் வந்தது.

"தெரியுமுங்க. நல்லா இருக்குதுங்க," என்றார் திருமூர்த்தி.

வசந்தாமணி ஒரு தம்ளர் காப்பியை ஜன்னல் வழியாகக் கணவருக்கு நீட்டினாள். ஜன்னலும் நகர்ந்தது. கை நீண்டுகொண்டே போயிற்று, தம்ளர் அவர் கைக்குப் போய்ச் சேருவதற்குள் காப்பி ஆறிவிட்டது. அவ்வளவு தூரம். நாச்சிமுத்து அதை வாங்கிக் கடைசிச் சொட்டு வரை குடித்தார். ஆறிப்போன காப்பிக்காகக் கல்யாணமான நாளிலிருந்து சண்டை போட்ட மனுஷன் அவர். நன்றாக இருக்கிறது என்று தலையை வேறு ஆட்டினார். அதைப் பார்த்ததும் வசந்தாமணிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு முந்தானையை இடுப்பில் சொருகினாள். அம்பயரிடம் போனாள்.

"நான் ஆடறேனுங்க," என்றாள். "குடுங்க அந்தக் கட்டைய."

மட்டை சப்பாத்தி உருட்டுகிற கட்டையை ஆள் உயரத்துக்கு இழுத்து விட்டது போல இருந்தது. கனம் தாங்கவில்லை. அவள் அதை வெள்ளைப் பலகை ஓரமாக ஊன்றி, அதன் மேல் சாய்ந்து நின்றுகொண்டாள். விருந்தாளிகள் ஏப்பம் விட்டபடி தெருவில் அங்கங்கே போய் நின்றார்கள். சாக்கடை மேட்டில் திருமூர்த்தி பந்தோடு ஏறினார். பந்து வெள்ளை. அதில் சிவப்பு நூலில் தையல். தையல் திருப்பூர் வேலை மாதிரி நெருக்கமாக இருந்ததை வசந்தாமணி கவனித்தாள்.

"அடிச்சுரு அம்மிணி," என்று கேட்டுக்கு வெளியேயிருந்து நாச்சிமுத்து கத்தினார்.

"நீங்க சும்மா இருங்க. நீங்க பேசித்தான் இந்த நெலமை."

திருமூர்த்தி காலைத் தலைவரைக்கும் தூக்கி, உடம்பைத் திருகி, பந்தை எறிந்தார். முறுக்கு எண்ணெய் கையிலிருந்து போகவில்லை போலிருக்கிறது. பந்து வழுக்கிக்கொண்டு பக்கத்து வீட்டு மொட்டை மாடிக்குப் போயிற்று.

"பால்," என்றார் அம்பயர்.

வசந்தாமணி மட்டையைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே போனாள். ஒரு தம்ளர் பால் கொண்டு வந்து கொடுத்தாள். அம்பயர் முகக் கம்பியை லேசாகத் தூக்கிக் குடித்தார். உதட்டைத் துடைத்துக்கொண்டு மறுபடி குனிந்து நின்றார்.

அடுத்த பந்து வேலிக்குள் போயிற்று.

"பால்."

"ஆத்திக் குடுக்கட்டுங்களா, அப்படியேவா?"

"எப்படி இருந்தாலும் பரவால்லீங்க."

மூன்றாவது பந்து ஒரு மாட்டின் மேல் பட்டது. மாடு திரும்பிப் பார்த்துவிட்டுப் போயிற்று. அம்பயர் பால் என்றார். வசந்தாமணி பால் கொண்டு வந்தாள். காலையிலிருந்து ஒன்பது பேருக்குக் காப்பி போட்ட வீடு, பால் பாக்கெட் எத்தனைதான் தாங்கும். நான்காவது பந்து கேட்டைத் தாண்டிப் போய் நாச்சிமுத்துவின் காலடியில் உருண்டது. அவர் அதை எடுத்துத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார்.

"பால்," என்றார் அம்பயர்.

"தீந்துபோச்சுங்க. இனி டீக்கடைக்குப் போயித்தான் வாங்கிட்டு வரோணும்."

"போதுமுங்க. நாலு பால் ஆயிருச்சு." அம்பயர் வயிற்று மெத்தையைத் தடவிக்கொண்டார். "நாலு பால் ஆச்சுன்னா நீங்க நடந்து மொத பேஸுக்குப் போகலாம். யாரும் தடுக்கக் கூடாது. சட்டம்."

சும்மா நின்றவர்களுக்கும் இந்த ஆட்டத்தில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். சும்மா சொல்லக்கூடாது, அந்த ஒரு விஷயத்தில் கெட்டிக்காரர்கள்தான்.

"நடந்தா?" என்றாள் வசந்தாமணி. "என்ற முழங்காலு நடக்கற முழங்காலு இல்லீங்க."

"சட்டத்துல ஓட்டம்னுதான் இருக்குதுங்க. ஓடறதும் ஓட்டம். ஓட்டறதும் ஓட்டம்." அம்பயர் வீட்டோரம் நின்ற ஸ்கூட்டரைக் காட்டினார். "ஸ்கூட்டர் ஓட்டறதுக்குந் தனியா ஒரு வெளையாட்டுச் சங்கம் இருந்துச்சு. கட்டடம் பத்தலைன்னு ரெண்டையும் ஒண்ணாப் போட்டுட்டாங்க. தாராளமா எடுக்கலாமுங்க."

சாம்பல் நிற ஸ்கூட்டர் அது. நாச்சிமுத்துவின் உயிர். வசந்தாமணி அதில் போகாத கடை கிடையாது, கோயில் கிடையாது. எல்லாம் பின்னால் உட்கார்ந்துதான். இப்போதும் அவள் வழக்கம் போல ஏறினாள். பின் சீட்டில், ஒரு பக்கமாக, கால்களை இடது பக்கம் தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். புடவையைச் சரிசெய்தாள். வலது கையால் முன்னால் இருக்கிறவரின் தோளைப் பிடித்துக்கொண்டாள். தோள் அங்கே இல்லை. இருந்தாலும் பிடித்துக்கொண்டாள்.

"போலாமுங்க," என்றாள்.

ஸ்கூட்டர் கிளம்பியது.

முதல் பேஸ் தண்ணீர் குழாய். அதன் பக்கத்தில் நின்ற விருந்தாளி, முன் சீட்டில் யாரும் இல்லாத வண்டி வருவதைப் பார்த்து மரியாதையாகத் தொப்பியைக் கழற்றினார். வசந்தாமணி செருப்பு நுனியால் குழாய் மேடையைத் தொட்டாள். கூடவே ஓடி வந்த அம்பயர், "சேஃப்," என்று கைகளை விரித்தார். ஓட ஓட அவர் வயிற்றில் பால் குலுங்கும் சத்தம் கேட்டது.

"இனி ரெண்டாவது பேஸை நீங்க திருடலாமுங்க," என்றார்.

"திருடறதா? எங்க குடும்பத்துல அந்தப் பழக்கம் இல்லீங்க."

"ஆட்டத்துல அது ஞாயந்தானுங்க."

"கேட்டு வாங்கிக்கறேன்."

இரண்டாவது பேஸ் பஸ் ஸ்டாப்பில் இருந்தது. தெரு அன்றைக்கு நீளமாக இருந்தது. வழக்கமாகப் பத்து வீடு இருக்கும் இடத்தில் எண்ண முடியாத அளவுக்கு வீடுகள் வந்துகொண்டே இருந்தன. எல்லா வீட்டு ஜன்னலிலும் ஒரே பெண்மணி நின்று கையசைத்தாள். ஒருவழியாகப் பஸ் ஸ்டாப் வந்தது.

இரண்டாவது பேஸ் வேறு யாரும் இல்லை, அடுத்த வீட்டுச் சென்னியப்பன்தான். போன மாதம் பஸ் ஸ்டாப் வரைக்கும் எல்லையை நீட்டும்போது பஸ்ஸுக்கு நின்றிருந்தார். நின்ற வாக்கிலேயே பேஸ் ஆகிவிட்டார். வெள்ளையாக, சதுரமாக, மெத்தென்று இருந்தார். கண்ணாடி மட்டும் போட்டிருந்தார்.

"நல்லா இருக்கீங்களாண்ணா?" என்றாள் வசந்தாமணி.

"எனக்கென்ன அம்மிணி. எல்லாரும் மிதிக்கறாங்க. ஆனா ஓடி வந்து, ஆசையா மிதிக்கறாங்க. ஊட்ல இருந்தப்ப இந்த மரியாத இல்லை."

"உங்களைத் திருடச் சொல்றாரு இவரு. எனக்கு மனசு வரலீங்க."

"நானே குடுக்கறேன், வெச்சுக்க. பதனமா மிதி. இந்தப் பக்கம் கொஞ்சம் அரிக்குது."

அவள் அந்தப் பக்கமாகப் பார்த்து மிதித்தாள். சென்னியப்பன் ஆனந்தமாகப் பெருமூச்சு விட்டார்.

அதற்குள் மூன்று விருந்தாளிகள் பந்தோடு ஓடி வந்தார்கள். ஒருவர் எட்டி, பந்து வைத்த கையால் வசந்தாமணியின் தோளைத் தொட்டுவிட்டார். பல்லடம் தாண்டிய புல்வெளியும், அதன் நடுவில் துண்டோடு நிற்கும் நாச்சிமுத்துவும் அவள் கண்முன்னால் வந்து போனார்கள்.

"அவுட்டுங்க," என்றார் தொட்டவர்.

அம்பயர் வண்டியை முன்னும் பின்னும் சுற்றிப் பார்த்தார். "ஓட்டறவரைத் தொடோணும். பின்னாடி உக்காந்திருக்கறவங்களைத் தொட்டாக் கணக்கில்லை."

விருந்தாளி முன் சீட்டைத் தொட்டார்.

"அது சீட்டுங்க," என்றார் அம்பயர்.

மூன்று விருந்தாளிகளும் கூடிப் பேசினார்கள். ஒன்றும் பிடிபடவில்லை. கையுறையைத் துழாவி மிச்சமிருந்த முறுக்கைத் தின்றார்கள். வசந்தாமணி போலாமுங்க என்றாள். ஸ்கூட்டர் புறப்பட்டது.

மூன்றாவது பேஸ் மாவு மில் வாசல். அங்கே திருமூர்த்தியே காத்திருந்தார். மாவு படிந்து தொப்பி முதல் பூட்ஸ் வரை வெளுத்திருந்தார். வசந்தாமணி செருப்பு நுனியால் வாசல்படியைத் தொட்டபோதும் அவர் அவளைத் தொட முயலவே இல்லை. அம்பயரிடம் நேராகப் பேசினார்.

"ஓட்டறதுக்கு ஆளில்லாத வண்டி ஹோமுக்கு வந்தா, வந்தது யாருன்னு சொல்றதுங்க?"

அம்பயருக்கு இது நியாயமாகப் பட்டது. நியாயமாகப் பட்டுவிட்டால் அவரை ஒன்றும் செய்ய முடியாது.

"அம்மிணி முன்னாடி உக்காந்து வந்தாத்தான் ரன்னுங்க," என்றார்.

"எனக்கு ஓட்டத் தெரியாதுங்களே."

"இவ்வளவு தூரம் வந்திருக்கீங்க."

திருமூர்த்தி பந்தைத் தட்டிக்கொண்டே வீட்டை நோக்கி ஓடினார், முன்னால் போய்ப் பலகையில் உட்கார்ந்துகொள்ள. மேற்கே வெளிச்சம் மஞ்சளாகிவிட்டது. நாலைந்து வீடுகளில் விளக்கு வைக்கத் தீப்பெட்டியை எடுத்துவிட்டார்கள். குச்சியைப் பெட்டியில் வைத்துக்கொண்டு தயாராக நின்றார்கள்.

வசந்தாமணி முன் சீட்டைப் பார்த்தாள். முன்னால் போனால் அவளை யார் வேண்டுமானாலும் தொடலாம். பின்னாலேயே இருந்தால் யாரும் தொட முடியாது, ஆனால் ஆட்டம் முடிந்தது. அவள் மெல்ல முன் சீட்டுக்கு நகர்ந்தாள். சீட்டில் நாச்சிமுத்து உட்கார்ந்து உட்கார்ந்து பதிந்த பள்ளம் இருந்தது. அவள் அளவுக்கு அது கொஞ்சம் பெரிது. ஹேண்டில்பாரைப் பிடித்தாள். அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துப் பார்த்தே எது ஆக்ஸிலரேட்டர், எது பிரேக், எது ஹாரன் என்று அவளுக்கு மனப்பாடம் ஆகியிருந்தது. இத்தனை நாள் யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

முறுக்கினாள். ஸ்கூட்டர் துள்ளிக்கொண்டு பாய்ந்தது.

ஒரு பக்கமாக உட்கார்ந்தே போனவளுக்கு ரோட்டின் இடது பக்கம் மட்டும்தான் தெரியும். வலது பக்கம் என்று ஒன்று இருப்பதை அன்றைக்குத்தான் பார்த்தாள். வலது பக்கத்தில் கடல் இருந்தது. படகுகள் இருந்தன. கோயம்புத்தூரில் கடல் இருக்கிற விஷயத்தை இந்த மனுஷன் ஒரு நாளாவது சொன்னாரா பாருங்கள். ஈரக்காற்று வந்து அவள் முந்தானையை இடுப்பிலிருந்து பிடுங்கியது. வசந்தாமணிக்குச் சந்தோஷமாக இருந்தது. பயமெல்லாம் எங்கேயோ போய்விட்டது. குழியைக் கண்டால் ஒடித்தாள், மேட்டைக் கண்டால் தூக்கினாள். குறுக்கே பாய்ந்த விருந்தாளிகளை ஹாரன் அடித்தே ஒதுக்கினாள்.

வீட்டு வாசல் தெரிந்தது. கேட்டுக்கு முன்னால் அவுட்ஃபீல்டுக்குப் போகிற பச்சை வேன் ஒன்று நின்றிருந்தது. அதற்குள் வெயிலில் வெளிறிப்போன சில பேர், தொப்பியை நெற்றி வரை இழுத்துவிட்டுக்கொண்டு, தூரத்தை மட்டும் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். நாச்சிமுத்து ஒரு காலை வேன் படியில் வைத்திருந்தார். துண்டை மடித்துக் கையில் வைத்திருந்தார்.

ஸ்கூட்டரைப் பார்த்தார். ஓட்டுவது யாரென்று பார்த்தார்.

வசந்தாமணி வேனோரமாக வண்டியை மெதுவாக்கினாள்.

"ஏறுங்க," என்றாள்.

"எங்க?"

"பின்னாடி."

"நானா? பின்னாடியா?"

"சீக்கிரமுங்க. தீக்குச்சி ஒரசறாங்க."

நாச்சிமுத்து ஏறினார். பின் சீட்டில் அவருக்குப் பழக்கமில்லை. எப்படி உட்காருவது என்று தெரியாமல் அவள் உட்காருகிற மாதிரியே ஒரு பக்கமாக உட்கார்ந்து, வேட்டியைச் சரிசெய்து, அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். அவர் பிடியில் கொஞ்சம் பயம் இருந்தது. அது அவளுக்குப் பிடித்திருந்தது.

வாசலில், கோலத்தின் மேல், திருமூர்த்தி சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். பந்தை முன்னால் உயர்த்தி நீட்டியிருந்தார். ஒதுங்கிப் போக இடமே இல்லை. பந்து அவள் மேல் படாமல் உள்ளே போக முடியாது. வசந்தாமணி கண்ணை மூடவில்லை. நேராக விட்டாள்.

பந்து அவள் நெஞ்சுக்கு நேராக வந்தது. பின்னாலிருந்து ஒரு கை அவள் தோளுக்கு மேலாக நீண்டது. விரிந்த உள்ளங்கை. பந்து அதில் சப்பென்று பட்டது.

"தொட்டாச்சு," என்றார் திருமூர்த்தி.

"அவரு ஏற்கெனவே அவுட்டானவருங்க," என்றார் அம்பயர். "அவரை எத்தனை தடவை வேணுமுன்னாலும் தொடலாம். ஒண்ணும் ஆகாது."

திருமூர்த்தி எழுந்து வழிவிட்டார். வேறென்ன செய்வார். ஸ்கூட்டர் வெள்ளைப் பலகையின் மேல் ஏறியது. வாசல் இந்தத் தடவை நகரவில்லை. படி நகரவில்லை. முன் சக்கரமும் பின் சக்கரமும் முறையாக ஏறி, நிலைப்படியைத் தாண்டி, ஹாலுக்குள் வந்தன. தெருவில் முதல் விளக்கு எரிந்தது.

"ரன்," என்று வெளியே அம்பயரின் குரல் கேட்டது. பச்சை வேன் நாச்சிமுத்து இல்லாமல் கிளம்பிப் போகும் சத்தமும் கேட்டது.

"உள்ள வந்துட்டேன்," என்றார் நாச்சிமுத்து. "அம்மிணி, உள்ள வந்துட்டேன்."

"ஆமாங்க."

ஈஸி சேர் பக்கத்தில் வந்து போயிற்று. டிவி போயிற்று. சமையலறையில் காலி முறுக்கு டப்பா போயிற்று. பின்கட்டுக் கதவு திறந்து கிடந்தது. அதற்கு வெளியே ரோட்டின் வலது பக்கம் தெரிந்தது. அலையடிக்கும் சத்தம் அடுப்படி வரை கேட்டது.

"நிறுத்து, அம்மிணி. ஊடு முடிஞ்சுபோகுது," என்றார் நாச்சிமுத்து.

"தெரியுமுங்க. கெட்டியாப் புடிச்சுக்குங்க."

பிரேக் எங்கே இருக்கிறது என்று வசந்தாமணிக்கு நன்றாகவே தெரியும். அவள் அதைப் பிடிக்கவில்லை.